அரை மணித்தியாலம் சமைத்து மூன்று மணித்தியாலம் பரிமாறுவது எப்படி?

எங்கள் ஆட்கள் வீட்டில் விருந்தென்றால் விடியவே அடுப்பு மூட்டி, மத்தியானம் வரை சமைப்பார்கள். வந்தவர்கள் இருபது நிமிடத்தில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, காரைத் தேடிப் போய்விடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அரை மணித்தியாலம் சமைத்துவிட்டு மூன்று மணித்தியாலம் சாப்பிடுகிறார்கள். பாரிஸில் இவ்வளவு காலம் இருந்து நான் கற்றுக்கொண்ட பெரிய ஞானம் இதுதான். சோம்பலை வடிவாகக் கோப்பையில் வைத்து, மேலே இரண்டு பார்ஸ்லி இலையைத் தூவி, உலகத்தையே கைதட்ட வைத்த கெட்டிக்காரர்கள் வேறு எந்த நாட்டிலும் இல்லை.

யுனெஸ்கோகூட ஏமாறவில்லை. 2010இல் பிரெஞ்சு விருந்தை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, அது எந்தக் குழம்பையும் சேர்க்கவில்லை. ஆட்கள் கூடியிருந்து, ஒழுங்குப்படி, ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிடும் வழக்கத்தைத்தான் சேர்த்தது. அதாவது பரிசு சமையலுக்கல்ல, உட்கார்ந்திருப்பதற்கு.

இதை நான் கையாலேயே பரீட்சித்துப் பார்க்கவேண்டிய நாள் ஒன்று வந்தது. எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டில் இருக்கும் மதாமும் மிசியேயும் எங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு தந்திருந்தார்கள். கடன் நிலுவையில் நின்றது.

“இஞ்சேருங்கோ, சனிக்கிழமை எட்டு மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் சாப்பிட வருகினம். எனக்கு அண்டைக்குப் பின்னேர வேலை. நீங்கள்தான் சமைக்கோணும்” என்றாள் மனிசி.

“எனக்கும் வேலைதானே! ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவன். இடியப்பமும் சொதியும் கடையில எடுக்கட்டோ?”

“போன வருசம் எங்கட நண்டுக்கறியைச் சாப்பிட்டு மிசியேக்கு மூக்காலயும் கண்ணாலயும் ஓடினதை மறந்துபோனியளோ? இந்தமுறை அவையின்ர சாப்பாடு.”

தீர்ப்பு வந்துவிட்டது. மேன்முறையீடு செய்யும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

நல்லவேளையாக எனக்கு ஒரு மச்சான் இருக்கிறான். பதின்ம வயதில் இங்கே வந்து, ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, சலாட் அடுக்கி, இன்றைக்கு அடுப்பின் முன்னால் நிற்கிறான். பாரிஸில் இது அபூர்வக் கதையல்ல. எண்பதுகளிலிருந்து வந்த எங்கள் பொடியன்கள் எத்தனையோ பேர் இந்த நகரத்துக் குசினிகளுக்குள்தான் கரைசேர்ந்தார்கள். ஒப்பெரா பக்கத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிடும் கொக் ஓ வான் என்ற கோழிக்கறியை உள்ளே கிளறிக்கொண்டிருப்பவர் புங்குடுதீவாராக இருக்க நல்ல வாய்ப்புண்டு. வேலை முடிந்து அவர் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கொத்துரொட்டி சாப்பிடுவார் என்பது வேறு விஷயம்.

மச்சானுக்கு ரெலிபோன் எடுக்கமுதல், எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்டுவதற்காகச் சமையல் மேதை எஸ்கோஃபியேயின் புத்தகத்தைப் புரட்டினேன். 1903இல் வந்த அந்தப் புத்தகம் பிரெஞ்சுச் சமையலுக்கு வேதம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செய்முறைகள் அதில் இருக்கின்றன. அதில் சோஸ் எஸ்பன்யோல் என்று ஒன்று. எலும்பை வறுத்து, அவித்து, வடித்து, மாவும் கொழுப்பும் சேர்த்துச் சிவக்க வைத்து, மறுபடி மணிக்கணக்காகக் கொதிக்கவிட வேண்டும். அதுவும் முடிவல்ல, அதிலிருந்துதான் மற்ற சோஸ்களைத் தொடங்கவே முடியும்.

“அத்தான், அந்தப் புத்தகத்தை மூடுங்கோ. அது பெரிய ஹோட்டல் குசினிக்கு எழுதினது. சோஸுக்கு ஒரு ஆள், மீனுக்கு ஒரு ஆள், மரக்கறிக்கு ஒரு ஆள் எண்டு பட்டாளமே நிக்கும். உங்கட குசினியில ரெண்டு பேர் நிண்டாலே பிரிட்ஜைத் திறக்கேலாது.”

நியாயமான பேச்சு. எனவே எஸ்கோஃபியேயை விட்டுவிட்டு எத்துவார் த பொமியானிடம் போனேன். இவர் சமையல்காரரே அல்ல. பாஸ்டர் நிறுவனத்தில் விஞ்ஞானி. செரிமானத்தை ஆராய்ந்தவர், அப்படியே நடந்து அடுப்படிக்குள் வந்துவிட்டார். பத்து நிமிடத்தில் சமைப்பது பற்றி 1930இல் இவர் எழுதிய சின்னப் புத்தகம் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கானது. அதில் முதல் கட்டளை: வீட்டுக்குள் நுழைந்ததும், மேலங்கியைக் கழற்ற முன்னரே, பானையில் தண்ணீரை நிரப்பி அடுப்பில் வை. எதற்கு அந்தத் தண்ணீர் என்று அவருக்கே தெரியாதாம், எதற்காவது உதவும். இந்த அணுகுமுறை எனக்கு நன்றாகப் பிடித்தது. வாழ்க்கையில் பாதி வேலைகளை நான் இப்படித்தான் தொடங்கியிருக்கிறேன்.

மச்சான் பட்டியல் போட்டான்.

“முதல், முள்ளங்கி. சின்னச் சிவப்பு முள்ளங்கி, பக்கத்தில பட்டரும் உப்பும்.”

“அதை எப்பிடிச் சமைக்கிறது?”

“கழுவோணும்.”

“பிறகு?”

“அவ்வளவுதான் அத்தான். ரெண்டாவது மீன். மூன்றாவது பச்சைச் சலாட். நாலாவது சீஸ், கடையில வாங்கிறது. அஞ்சாவது தேசிக்காய் டார்ட், அதுவும் கடையில வாங்கிறது. பாணும் கடைதான்.”

ஐந்து சுற்று விருந்து. அடுப்பு எரிவது ஒரேயொரு சுற்றுக்கு. என் அம்மா கேட்டிருந்தால் இதை விருந்தென்றே ஒப்புக்கொண்டிருக்கமாட்டார், கடைச் சாமான் பட்டியல் என்றிருப்பார். ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு இதில் வெட்கமே இல்லை. நூற்றாண்டுகளாகப் பாண் சுடுகிறவனை நம்பிப் பாணையும், சீஸ் பழுக்க வைக்கிறவனை நம்பிச் சீஸையும் விட்டுவிட்ட சமூகம் இது. உறைந்த உணவு விற்கும் பிக்கார் கடைகள் நாடு முழுவதும் இருக்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் கூடையோடு நிற்கிறவர்களின் உடுப்பே சொல்லும், இன்றிரவு இவர்கள் வீட்டில் விருந்தென்று. ரெஸ்டோரண்டுகளுக்கு 2014இல் அரசாங்கம் ஒரு குறி கொண்டுவந்தது. கூரையை மூடியாகப் போட்ட சட்டிப் படம். அங்கேயே சமைத்ததென்று அர்த்தம். வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அந்தக் குறி தேவையென்று சட்டம் சொல்லவில்லை. சட்டம் சொல்லாததை நாங்கள் ஏன் கிளறுவான்?

சனிக்கிழமை ஏழு மணி. சப்பாத்தைக் கழற்றமுதல் தண்ணீரை அடுப்பில் வைத்தேன். அன்றைக்கு அந்தத் தண்ணீருக்குக் கிடைத்த உத்தியோகம் சின்ன உருளைக்கிழங்குகளை அவிப்பது. சீஸைப் பிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்தேன். குளிரில் கிடந்த சீஸுக்கு மணமும் இல்லை, குணமும் இல்லை. பிறகு மச்சானின் பிரதான உபதேசம்: வெட்டவேண்டியதை எல்லாம் வெட்டி, அளக்கவேண்டியதை எல்லாம் அளந்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்த பிறகுதான் நெருப்பைத் தொடலாம். நாங்கள் வெங்காயம் எண்ணெயில் வதங்கும்போது தக்காளி தேடுகிற பரம்பரை. அதனால் இந்த ஒழுக்கம் ஆரம்பத்தில் சிறைவாசம்போல இருந்தது.

சலாட்டுக்குச் சோஸ்: ஒரு பங்கு வினாகிரி, மூன்று பங்கு எண்ணெய், அரைக் கரண்டி டிஜோன் கடுகு. உப்பை வினாகிரியில்தான் முதலில் கரைக்கவேண்டும், எண்ணெயில் அது கரையாது. எங்கள் கடுகு தாச்சியில் வெடித்துச் சாகும். டிஜோன் கடுகோ ஒருவரையொருவர் பார்க்கவே விரும்பாத எண்ணெயையும் வினாகிரியையும் சேர்த்துவைக்கும் கல்யாணத் தரகர்.

அடுத்தது மீன். சோல் மீன்தான் இதற்கு ராஜா. அதன் விலையைப் பார்த்துவிட்டு, அதன் வசதி குறைந்த சொந்தக்காரரான லிமாந்த் மீனை வாங்கியிருந்தேன். ஈரம் போக ஒற்றி, உப்பும் மிளகும் தடவி, மாவில் புரட்டி, மிச்ச மாவைத் தட்டிவிட்டு, சூடான பட்டரிலும் எண்ணெயிலும் ஒரு பக்கம் இரண்டு மூன்று நிமிடம். பிறகு தாச்சியைத் துடைத்துப் புதிய பட்டர். அது நுரைத்து, நுரை அடங்கி, பொன்னிறமாகி, கொட்டைகளை வறுத்த வாசம் வரும். அந்தக் கணத்தில் தேசிக்காய்ப் புளியை விட்டு, பார்ஸ்லியைத் தூவி, மீனின்மேல் ஊற்றவேண்டும். பொன்னிறத்துக்கும் கறுப்புக்கும் இடையில் சில விநாடிகள்தான். சோல் மீனை இப்படிச் செய்து 1948இல் ரூவென் நகரத்தில் கொடுத்ததைச் சாப்பிட்டுத்தான் ஜூலியா சைல்ட் என்ற அமெரிக்கப் பெண் தன் வாழ்க்கையையே சமையலுக்கு எழுதிவைத்தார். மாவு, பட்டர், தேசிக்காய்: ஒரு மனுசியின் தலையெழுத்தை மாற்ற இவ்வளவு போதும்.

ஆனால் என் கை சும்மா இருக்கவில்லை. வெள்ளை வெளேரென்று கிடந்த அந்த மீனைப் பார்த்ததும், அலுமாரியில் இருந்த தூள் போத்தல் பக்கம் அதுவாகவே போனது. சரியாக அந்த நேரத்தில் ரெலிபோன் அடித்தது.

“அத்தான், தூள் போத்தலைத் தொட்டிட்டியளோ?”

“இல்லையடா.”

“தொடாதேங்கோ.” வைத்துவிட்டான். பெரிய குசினியில் பழகியவனுக்குச் சிறிய குசினியின் பலவீனம் நன்றாகத் தெரிந்திருந்தது.

எட்டு மணி என்றால் பிரெஞ்சுக்காரர் எட்டேகாலுக்கு வருவார்கள். வீட்டுக்காரர் மூச்சுவிட ஒரு கால்மணித்தியாலம் தருவது இங்கே மரியாதை. எங்கள் ஆட்களும் அதே மரியாதையைத் தருவார்கள், இரண்டு மணித்தியாலமாக. மதாம் பூக்கொத்தோடும் மிசியே வைன் போத்தலோடும் எட்டேகாலுக்கு மணியடித்தபோது, மனிசியும் வேலையால் வந்துவிட்டாள்.

முள்ளங்கிக்கு மட்டும் முக்கால் மணித்தியாலம் போனது. மிசியே ஒன்றைக் கடித்தார், கெறாந்து உப்பைப் பற்றிப் பேசினார், பிறகு பிரான்ஸின் பிரித்தானிப் பகுதியில் இருந்த தன் பாட்டியின் தோட்டத்துக்குப் போய், அங்கேயிருந்து 1968ஆம் ஆண்டு மாணவர் போராட்டத்துக்கு வந்துசேர்ந்தார். முள்ளங்கி ஒரு சாட்டு என்பது அப்போதுதான் விளங்கியது. எங்கள் மேசையில் பதினொரு கறி இருந்தால், ‘இதைக் கொஞ்சம் போடுங்கோ, அதைத் தொடவே இல்லையே’ என்ற இரண்டு வசனங்களோடு கதை முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மேசையில் பரப்புவதும் ஒருகாலத்தில் பிரெஞ்சு முறைதான். ராசாக்கள் காலத்து விருந்துகள் அப்படித்தான் நடந்தன. ஒவ்வொன்றாகக் கொண்டுவருவது ரஷ்ய முறை. 19ஆம் நூற்றாண்டில்தான் அது இங்கே வேரூன்றியது. ஆகவே எங்கள் வீட்டு விருந்துகளை இனி நான் வெர்சாய் பாணி என்றே சொல்லப்போகிறேன்.

சீஸ் வந்தபோது இரண்டு பண்பாடுகள் மோதின. இங்கே சீஸ் தட்டை ஒருமுறைதான் சுற்றவிடுவது பழைய முறை; வற்புறுத்தக்கூடாது. பிரீ சீஸின் கூர் நுனியை வெட்டி எடுப்பதும் மரியாதையில்லை, ருசியான நடுப்பகுதி எல்லோருக்கும் பொது. மனிசி அந்த நுனியையே வெட்டி, மிசியேயின் கோப்பையில் வைத்து, இன்னும் கொஞ்சம் எடுங்கோ என்று நின்றாள். மிசியே சாப்பிட்டார். அவள் திரும்பவும் வைத்தாள். அவர் திரும்பவும் சாப்பிட்டார். முகத்தைப் பார்த்தால் கஷ்டமாகத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து இப்படி யாராவது வற்புறுத்தமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல இருந்தார்.

தேசிக்காய் டார்ட்டைப் பார்த்து, நீங்கள் செய்ததா என்று மதாம் கேட்கவில்லை. எந்தக் கடை என்று கேட்டார். சொன்னேன். “நல்ல தெரிவு” என்றார். கடைக்காரனைத் தெரிவுசெய்வதும் சமையல்கலையின் ஒரு பகுதியாக மதிக்கப்படும் நாட்டில், மூன்றரை யூரோ டார்ட்டுக்கும் பாராட்டு கிடைக்கிறது. அவர்கள் போகும்போது பதினொன்றரை.

வீட்டில் கெதியாகப் பிரெஞ்சு விருந்து வைக்க விரும்பும் வாசகருக்கு என் ஆலோசனை சுருக்கமானது. ஒன்றை மட்டும் சமையுங்கள், அதை ஒழுங்காகச் சமையுங்கள். மிச்சத்தை நல்ல கடையில் வாங்குங்கள். ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். சுற்றுக்கொன்றாகக் கதைப்பதற்கு ஐந்து விஷயங்களை மட்டும் முன்கூட்டியே ஆயத்தம் செய்யுங்கள். அதைக் கடையில் வாங்க முடியாது. உங்களிடம் கதை இல்லையென்றால் பேசாமல் பிரியாணி போடுங்கள். வாய் நிறைந்திருந்தால் யாரும் கதைக்கத் தேவையில்லை.