சம்பளமா, சீனியாரிட்டியா?

விமானிகளுக்கு எந்தச் சங்கமாக இருந்தால் என்ன? சம்பளம் ஏறினால் போதாதா?

கிறிஸ்துமஸ் இரவில் யார் வீட்டில், யார் காக்பிட்டில் என்பதைச் சம்பளமா தீர்மானிக்கிறது? சீனியாரிட்டி பட்டியல் அல்லவா!

2005-இல் அமெரிக்கா வெஸ்ட், யுஎஸ் ஏர்வேஸ் என்ற இரு விமான நிறுவனங்கள் இணைந்தன. 2007-இல் நடுவர் தந்த பொது சீனியாரிட்டி பட்டியலில், தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்த யுஎஸ் ஏர்வேஸ்காரர்கள், பல வருட சர்வீஸ் இருந்தும், அமெரிக்கா வெஸ்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் கீழே போனார்கள். கொதித்துப்போன யுஎஸ் ஏர்வேஸ் தரப்புக்குத் தலை எண்ணிக்கை அதிகம். 2008-இல் ஓட்டுப் போட்டு, இரு தரப்புக்கும் சங்கமாக இருந்த, 1931-இல் தொடங்கிய ஆல்பா விமானிகள் சங்கத்தையே அனுப்பிவிட்டுப் புதுச் சங்கம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள்!

அந்தக் கோபம் நியாயம். ஆனால் அமெரிக்கா வெஸ்ட்காரர்களுக்கும் அதே புதுச் சங்கம்தான் பிரதிநிதி ஆனது. ஓட்டில் தோற்றவருக்கும் நேர்மையாக வாதாடுவது அமெரிக்காவில் சங்கத்தின் சட்டக் கடமை. அதைக் கேட்டுத்தான் அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.