பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்! (கேள்வி-பதில்)

கே: ஜாவா 8-ல் ஒழுங்காக ஓடிய புரோகிராம், ஜாவா 11-ல் 'சன்.மிஸ்க்.பேஸ்64என்கோடர்' இல்லை என்று அழுகிறதே?

ப: அது சன் நிறுவனம் தன் வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்த கிளாஸ். 'எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடுவோம்' என்று கம்பைலர் வருடக்கணக்கில் எச்சரித்தது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? 2014-ல் ஜாவா 8-லேயே பொதுவான மாற்று வந்தது. 2017-ல் ஜாவா 9 பழையதை எடுத்தேவிட்டது.

கே: அப்படியானால் பெயரை மாற்றினால் வேலை முடிந்ததா?

ப: கம்பைல் ஆகும், வேலை முடியாது. பழையது 76 எழுத்துக்கு ஒருமுறை வரியை உடைக்கும். அந்த டேட்டாவைப் புதிய சாதாரண டிகோடரிடம் கொடுத்தால், வரி முறிவைக் கண்டதும் எக்ஸெப்ஷன் வீசும். 'மைம்' டிகோடரிடம் கொடுங்கள், சகித்துக்கொள்ளும்.

கே: ஐபிஎம் ஜேடிகே-யிலிருந்து ஓபன்ஜேடிகே-க்கு வந்தோம். கோடில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் எஸ்எஸ்எல் படுத்துவிட்டதே?

ப: தொடாததால்தான்! 'ஐபிஎம்எக்ஸ்509' என்று பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். புது வீட்டில் அப்படி யாரும் இல்லை, அங்கே 'சன்எக்ஸ்509'. இதை எடுத்து அதை எழுதினால், அடுத்த மாற்றத்தில் எனக்கு மறுபடி கடிதம் எழுதுவீர்கள். டீஃபால்ட் அல்காரிதம் எதுவோ அதைக் கொடு என்று கேளுங்கள். சைஃபர் சூட் பட்டியலையும் பாருங்கள்: ஐபிஎம்-மில் 'எஸ்எஸ்எல்' என்று தொடங்கும் பல பெயர்கள் மற்ற இடத்தில் 'டிஎல்எஸ்' என்று தொடங்கும்.

கே: ஜேகேஎஸ் கீஸ்டோரை வைத்துக்கொள்ளலாமா?

ப: அதுவும் சன்னின் சொந்தச் சரக்கு. ஜாவா 9 முதல் டீஃபால்ட், பொதுத் தரமான பிகேசிஎஸ்12. கீடூலில் ஒரே கட்டளையில் மாற்றலாம். சோம்பலுக்கு இடமே இல்லை.

கே: பாஸ்வேர்டை எஸ்எச்ஏ1பிஆர்என்ஜி-க்கு விதையாகப் போட்டுச் சாவி எடுத்தோம். ஆண்ட்ராய்டில் டீக்ரிப்ட் ஆகவில்லை!

ப: ரேண்டம் எண் தருபவனிடம் தினமும் ஒரே எண்ணை எதிர்பார்த்திருக்கிறீர்கள். 2012-ல் ஆண்ட்ராய்டு 4.2 உள்ளே ஆளை மாற்றியதுமே இப்படிப் பல ஆப்கள் கவிழ்ந்தன. பிபிகேடிஎஃப்2-க்கு மாறுங்கள்: அதே பாஸ்வேர்டு, சால்ட், சுற்று எண்ணிக்கை, ஹாஷ் கொடுத்தால் எங்கும் அதே சாவிதான். ஆனால் பழைய டேட்டாவைப் பழைய கோடுதான் திறக்கும். திறந்து, புதிய சாவியில் மறுபடி பூட்டுங்கள்.

கே: பேசாமல் ஏஇஎஸ்-ஐ நாங்களே எழுதிவிட்டால் யாரையும் நம்ப வேண்டாமே?

ப: ஹேக்கர்கள் உங்களை மிகவும் நம்புவார்கள். இரண்டு பக்கமும் ஒரே நூலகம் வேண்டுமென்றால் பவுன்ஸி காஸில் இருக்கிறது.

கே: பழைய சர்வரை எப்போது அணைக்கலாம்?

ப: பழையது பூட்டியதைப் புதியது திறந்து, புதியது பூட்டியதைப் பழையதும் திறந்த பிறகு. மேனேஜர் 'கோ-லைவ்' என்று மெயில் போட்டது கணக்கில் வராது.