அத்தானுக்கு ஒரு மைல் கணக்கு

ஸ்காபரோ,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நீங்கள் அனுப்பின வொய்ஸ் மெசேஜ் கேட்டனான். காலி வீதியில 100 ஆம் நம்பர் பஸ் ஹோர்ன் அடிக்கிற சத்தத்துக்குள்ளயும் அக்காவின்ர கேள்வி வடிவா விளங்கினது: "உவன் இவ்வளவு பறக்கிறான், எயார்லைன் கார்ட்டும் வைச்சிருக்கிறான், அந்தப் பொயின்ற்ஸில எனக்கொரு ரிக்கற் போட ஏலாதாமோ?" பக்கத்தில இருந்து அத்தான் மெதுவா, "ஒருபக்கம் 9,000 மைல், போய்வர 18,000. எங்கையோ ஒளிக்கிறான்" எண்டதும் கேட்டுது. பென்சன் எடுத்தாப்பிறகும் அத்தானுக்குள்ள கணக்காய்வுக் கந்தோர் இன்னும் திறந்துதான் இருக்கு.

ஒளிக்கேல்லை அத்தான். ரொறன்ரோவில ஏறி, லண்டனில மாறி, கட்டுநாயக்காவில இறங்கினால் நீங்கள் சொன்ன தூரம் சரி. எயார்லைன்காரர் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளீனம், அதுதான் பிரச்சினை. (பேர் சொல்லேல்லை. ஏனெண்டு பிறகு சொல்லுறன்.)

ரிக்கற்றில ஒரு மூலையில ஒரு இங்கிலீஸ் எழுத்து இருக்கும், பார்த்திருக்கமாட்டீங்கள். நானும் கன காலம் பார்க்கேல்லை. இக்கொனொமி எண்டு பின்னால எல்லாரையும் அடைச்சு வைக்கிற அதே இடத்துக்குள்ள ஒரு டசின் விலை. ஒவ்வொரு விலைக்கும் ஒரு எழுத்து. 'வை' எண்டால் முழு விலை. அங்கயிருந்து பீ, எம், கே எண்டு இறங்கி இறங்கி, ஆறு மாசத்துக்கு முன்னமே எங்கட சனம் தேடிப் பிடிக்கிற மலிவு ரிக்கற்றுக்கு 'ஓ' மாதிரி ஒண்டு. 'வை' காரருக்கு முழு மைல். 'ஓ' காரனாகிய எனக்கு 25 வீதம்.

ரெலிபோன் எடுத்துக் கேட்டனான். "பிள்ளை, அப்ப நான் கால்வாசித் தூரந்தானே பறந்திருக்கிறன்? உங்கட கணக்கின்படி என்னை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு நடுவில இறக்கி விட்டிருக்க வேணும். மிச்ச வழி என்னை ஆர் கொண்டுபோனது?" அந்தப் பிள்ளை சிரிக்கவும் இல்லை, கோவிக்கவும் இல்லை. "உங்கள் விசுவாசத்துக்கு நன்றி" எண்டு சொல்லி, நல்ல பாட்டொண்டு போட்டு என்னைக் காத்திருக்க வைச்சுது.

அண்டைக்குப் பிறகு எனக்கு எழுத்து வருத்தம் பிடிச்சிட்டுது. பிளேனில பக்கத்து சீற்காரர் சாப்பிட்ட கோழியும் நான் சாப்பிட்ட கோழியும் ஒரே தட்டு, ஒரே உப்புக் குறைவு. ஆனா அவர் 'எம்', கந்தோர் காசு. எனக்கு முன்னால சீற்றைச் சாய்ச்சு என்ர முழங்காலை நசிச்சவர் 'வை' யாத்தான் இருக்க வேணும், அந்தத் துணிவு வேற எழுத்துக்கு வராது. இப்ப கோயிலுக்குப் போனாலும் கண் அங்கதான். தேர்ச் சுவாமிக்குக் கிட்ட நிக்கிறவர் 'வை', வடம் பிடிக்கிறவர் 'கே', செருப்புக்குக் காவல் நிக்கிற நான் 'ஓ'. போன மாசம் ஒரு கலியாண வீட்டில மாப்பிள்ளையின்ர தகப்பனை அறிமுகப்படுத்தினவை. என்ர வாயில வரப்போனது "ஐயா என்ன எழுத்து?" உங்கட மச்சாள் என்ர கையைக் கிள்ளி மறிச்சுப்போட்டா.

அதோட உறுப்பினர் வருஷம் எண்டு இன்னொண்டு. அது தையில தொடங்கி மார்கழியில முடியும். நான் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம், மார்கழியில போய்த் தையில திரும்புறவன். போன வழி ஒரு வருஷத்தில, வந்த வழி மற்ற வருஷத்தில. வெள்ளிக் கார்ட்டுக்கு ரெண்டிலயும் காணாது. அந்தக் கார்ட் இருந்தால் கூட ஒரு பெட்டி கொண்டுவரலாம், அக்கா, அதுதான் எனக்குக் கவலை. கந்தோர் காசில நியூயோர்க்குக்குப் போய்வாற பெடியன் ஒருத்தன், மீசை கூட ஒழுங்கா முளைக்கேல்லை, தங்கக் கார்ட்டோட லவுஞ்சுக்குள்ள போறான். என்னைவிடக் குறையத்தான் அவன் பறந்தவன்.

முந்தி இப்பிடி இல்லையாம் அத்தான். 1981 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தங்கட திட்டத்தைத் தொடங்கேக்க, பறந்த மைலுக்கு மைல். 2015 இல் டெல்ராவும் யுனைற்றெட்டும், அடுத்த வருஷம் அமெரிக்கனும், ரிக்கற்றுக்குக் குடுத்த காசைப் பார்த்துப் பொயின்ற்ஸ் குடுக்க வெளிக்கிட்டவை. மற்றவை எழுத்துக் கணக்கால அதே இடத்துக்கு வந்து சேர்ந்திட்டினம். சொந்தக் காசைச் சேர்த்து, ஆகத் தூரத்துக்கு, ஆக மலிவாப் போறவன்தான் அவையின்ர கணக்கில விசுவாசம் குறைஞ்சவன். அது ஆர்? வருஷக்கணக்காக ஒரே ஊருக்கு மட்டும் போய்வாற எங்கட ஆக்கள்தான்.

"வழக்குப் போடு" எண்டு அத்தான் சொல்லுவீங்கள். பேர் ஏன் சொல்லேல்லை எண்டதுக்கும் இதுதான் பதில். அமெரிக்காவில மினசோட்டாவில கின்ஸ்பேர்க் எண்ட யூத மதகுரு ஒருத்தர் இருந்தவர். நோர்த்வெஸ்ற் எயார்லைன்ஸில உயர்ந்த கார்ட். பெட்டி பிந்தி வந்தது அது இதெண்டு முறைப்பாடு குடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஏழெட்டு மாசத்துக்குள்ள 24 முறைப்பாடு, அதில 9 பெட்டி பிந்தினதுக்கு எண்டு கொம்பனி எண்ணி வைச்சிருந்தது. 78,500 மைல், 1,925 டொலருக்கு வவுச்சர் எண்டு குடுத்துப் பார்த்து, கடைசியா 2008 இல் ஆளைத் திட்டத்தை விட்டே கலைச்சுப்போட்டினம். விதியில, கொம்பனியின்ர சொந்தத் தீர்மானமே முடிவெண்டு எழுதியிருக்குதாம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2014 சித்திரையில ஒன்பது நீதியரசரும் ஒருமிச்சு, நல்லெண்ணத்தோட நடக்கவேணும் எண்ட பொது நியாயத்தை வைச்சு அவர் கேட்டது 1978 ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்கு முன்னால எடுபடாது எண்டு சொல்லிப்போட்டினம். உயர்ந்த கார்ட்காரருக்கே அது. 'ஓ' காரன் வாயைத் திறந்தால் என்ன நடக்கும்?

எங்கட ஒன்ராறியோ பரவாயில்லை. 2016 இல் எயார் மைல்ஸ் எண்ட பொயின்ற்ஸ் கொம்பனி, அஞ்சு வருஷம் பழசானதெல்லாம் அழியும் எண்டு வெளிக்கிட, சனம் கொதிச்செழும்பினது. கொம்பனி பின்வாங்கினது. ஆனாலும் மாகாண சபை சட்டம் ஒண்டு கொண்டுவந்து, 2018 தை முதலாம் திகதியிலயிருந்து, காலம் போனது எண்ட ஒரே காரணத்துக்காகப் பொயின்ற்ஸை அழிக்கக்கூடாது எண்டு ஆக்கிப்போட்டுது. ஆனா கணக்கை அசைக்காமல் விட்டால் மூடலாம். தாராத மைலைத் தா எண்டு கேட்கவும் அந்தச் சட்டத்தில இடம் இல்லை.

ஒரேயொரு பயணத்துக்கு மட்டும் எனக்கு முழு மைல் விழுந்தது. அம்மாவின்ர செத்தவீட்டுக்கு வந்த பயணம். விடியப் போன் வந்து, மத்தியானம் ரிக்கற் எடுத்து, இரவு பிளேன். அண்டைக்கு மலிவு எழுத்தெல்லாம் முடிஞ்சு 'வை' மட்டும்தான் இருந்தது. விலை கேட்காமல் கார்ட்டைக் குடுத்தனான். கனத்தை மயானத்துக்கு எடுக்கிறதுக்கு முன்னம் வந்து சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்து கணக்கைத் திறந்தால், 100 வீதம், மேலால போனஸும். "வாழ்த்துக்கள்" எண்டும் எழுதியிருந்தவை.

அந்த மைலை நான் இன்னும் எடுக்கேல்லை. எடுக்க மனம் வருகுதில்லை. கணக்குச் செத்துப் போகாமல் இருக்க, இடைக்கிடை அவையின்ர கார்ட்டில ஒரு கோப்பி வாங்கிறன். உங்கட மச்சாள் விசர் எண்டுறா.

அதாலை அக்கா, உங்கட ரிக்கற் நான் காசுக்கே போடுறன். பொயின்ற்ஸில போட்டாலும் வரி, எரிபொருள் கட்டணம் எண்டு கைக்காசு கட்டத்தான் வேணும். நீங்கள் முதல் விசாவுக்குப் போடுங்கோ, கைரேகை குடுக்கப் போகேக்க அத்தானையும் கூட்டிக்கொண்டு போங்கோ. வெள்ளவத்தையில ரிக்கற் போடுறவரிட்டை விலை கேட்கேக்க எழுத்தையும் கேளுங்கோ. அவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், விடாதேங்கோ.

அத்தான், உங்களுக்கொரு வேலை. முந்தித் திணைக்களத் தலைவர்மாருக்கு எழுதுவீங்களே, வாசிச்சவுடன ஆள் கதிரையை விட்டு எழும்புற மாதிரி, அந்த இங்கிலீசில எயார்லைனுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. கோபம் வேண்டாம், மதகுருவுக்கு நடந்தது எனக்கும் நடக்கும். ஒண்டைத்தான் கேட்க வேணும்: கால்வாசித் தூரத்துக்குத்தான் மைல் எண்டால், மிச்ச முக்கால்வாசிக்கு வாங்கின காசை எந்தத் தலைப்பில வரவு வைச்சிருக்கிறீங்கள்? கடைசியில "தங்கள் உண்மையுள்ள" எண்டு வாற இடத்தில, "25 வீதம் உண்மையுள்ள" எண்டு போட்டுவிடுங்கோ. கையெழுத்தை நான் வைக்கிறன்.

அன்புடன்,
தம்பி