கூரையேறிய கோழி: ஒரு கள ஆய்வு

கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாத குருக்கள் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவாரா என்ற பழமொழியைக் கேட்டு, எல்லாரும் இதுவரை குருக்களைப் பார்த்தே சிரித்துவிட்டோம். அந்தக் கோழி கூரைக்கு எப்படிப் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆய்வுலகின் இப்பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம், புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லை. ஆய்வுப்பொருள், சிறுவிடைப் பெட்டை நான்கு, சேவல் ஒன்று, குஞ்சு பதினொன்று (ஆய்வு முடிகையில் ஏழு). தகவலாளர், அப்பத்தா. கருவி, ஒரு கயிற்றுக்கட்டில்.

கோழி பறக்காது என்பார் பிரியாணித் தட்டைக் கூர்ந்து நோக்காதவர். நெஞ்சுக்கறி வெளுத்தும் தொடைக்கறி கறுத்தும் இருக்கிறதல்லவா? வெளுத்த தசை சட்டென்று வேகம் கொடுக்கும், சீக்கிரம் களைக்கும். நெடுந்தூரம் பறக்கும் புறாவுக்கு நெஞ்சே கறுத்திருக்கும். ஆக, கோழிக்குப் பறக்கத் தெரியும், தொடர்ந்து பறக்கத்தான் தெம்பில்லை. மாடிப்படி ஏறும் என் நிலையும் அதுவே என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை.

கூரைப் பயணம் தவணை முறையில் நடக்கிறது. தரையிலிருந்து ஆட்டுரல், அங்கிருந்து மாட்டுக்கொட்டகைக் குட்டிச்சுவர், பிறகு கூரை. ஒவ்வொரு தவணைக்கும் இடையே, தான் எங்கும் போகவில்லை என்பதுபோல் ஒரு பார்வை. சாத்திவைத்த ஏணியில் மட்டும் காலும் சிறகும் சேர்ந்து உழைக்கின்றன. அமெரிக்காவின் மொன்டானாவில் கென்னத் டயல் என்பவர் 2003இல் இதையே கௌதாரி இனக் குஞ்சுகளிடம் கண்டு எழுதினார். சரிவில் ஏறும்போது அவை சிறகடிப்பது மேலே எழும்ப மட்டுமல்ல, கால் வழுக்காமல் பிடிமானம் கிடைக்கவும்தான். பறவைகள் பறக்கக் கற்றதே இப்படியாக இருக்கலாம் என்பது அவர் ஊகம். அப்பத்தாவிடம் சொன்னேன். "இதைப் பாக்கவா அம்புட்டுத் தூரம் படிச்சாரு?" என்றாள்.

இனி எதிரிகள். பகலில் கீரி, இரவில் மரநாய், எப்போதும் பக்கத்து வீட்டுப் பூனை. ஆனாலும் முதலிடம் பருந்துக்கே. வெள்ளை மார்புச் செம்பருந்து வட்டமிட்டால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், கரும்பருந்து வந்தால் கல்லெடுக்கிறோம். எங்கள் சேவலுக்கு இந்தச் சமய வேறுபாடு கிடையாது, இரண்டுக்கும் ஒரே குரல்தான். நாய்க்கு மட்டும் வேறு குரல். வானத்து எதிரிக்கு ஒன்று, தரை எதிரிக்கு ஒன்று என்று கோழி குரலை மாற்றுவதை அறிவியலாரும் பதிவு செய்திருக்கிறார்கள். மேலிருந்து ஆபத்து என்றால் குஞ்சுகள் தாயின் சிறகுக்குள்ளோ வைக்கோற்போரின் அடியிலோ ஒடுங்கும். கீழிருந்து என்றால் பெரியவை கூச்சலிட்டுக்கொண்டு எழும்பும்.

விலங்கு நடத்தை ஆய்வாளர்களான லோரன்ஸும் டின்பெர்கனும் 1937இல் ஓர் அட்டை உருவத்தைப் பறவைக் குஞ்சுகளின் தலைக்கு மேலே இழுத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கமாக இழுத்தால் குட்டைக் கழுத்துப் பருந்து, மறுபக்கமாக இழுத்தால் நீள்கழுத்து வாத்து. பருந்துக்கு மட்டும் குஞ்சுகள் மிரண்டனவாம். அடிக்கடி பார்த்துப் பழகிய உருவத்துக்குப் பயம் குறைகிறது, அவ்வளவே என்று பிற்கால ஆய்வு அதைத் திருத்தியது. பழக்கம் பருந்துக்கும் உண்டு. நான் கட்டித் தொங்கவிட்ட பழைய சிடிக்கு அது மூன்று நாள் மதிப்பளித்தது. நான்காம் நாள் இரண்டு குஞ்சு போயிற்று. மூன்றாவதைக் கீரி கொண்டுபோனது. நான்காவது குறித்துப் பூனையிடம் விசாரணை நடைபெறுகிறது.

மிஞ்சியவற்றைக் காத்தது பஞ்சாரம். மூங்கில் சிம்பில் பின்னி, மேலே ஒரு கல் வைத்துக் கவிழ்க்கும் இந்தக் கூடைக்கு மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம்.

பெரிய கோழிகள் அடங்காததால் ஒரு பக்கச் சிறகை மட்டும் நறுக்கிவிடலாம் என்று முன்மொழிந்தேன். இரண்டையும் நறுக்கினால் சமநிலை மிஞ்சிவிடும், ஒன்றை நறுக்கினால்தான் எழும்பும்போது சாயும். கத்திரிக்கோலோடு நின்ற என்னை அப்பத்தா மறித்தாள்.

"றெக்கைய வெட்டிப்புட்டா, நாய் வெரட்டுனா அது எங்கிட்டுடா போகும்?"

கருதுகோள் அன்றே கைவிடப்பட்டது. கூரை கோழியின் திமிர் என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

மூலச் சிக்கலுக்கு வருவோம். கூரைக் கோழியைப் பகலில் பிடிக்க இக்கட்டுரையாளர் மேற்கொண்ட ஆறு முயற்சிகளில் நான்கு ஓடுகள் உடைந்தன. ஏழாவதை அப்பத்தா செய்தாள். பொழுது சாயும்வரை வெற்றிலை போட்டாள். இருட்டினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. ஏணியில் நாலு படி ஏறி, முகட்டோரம் சுருண்டிருந்ததை முருங்கைக்காய் பறிப்பதுபோல் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

ஆகவே, குருக்கள் தோற்றது திறமைக் குறைவால் அன்று. வெயில் இறங்குமுன் ஏறிவிட்டார். வைகுண்டத்தைப் பொறுத்தவரை இக்கட்டுரையாளரிடம் தரவு இல்லை.