சவ்வும் சதுர அடியும்

பெட்டி இல்லாமல் ஸ்பீக்கரா என்று கேட்கும் அப்பாவிகள்தான் எங்கள் ஹைதராபாத் பேகம்பேட் அபார்ட்மென்டில் பெரும்பான்மை. விதிவிலக்கு இரண்டு வீடுகள். மூன்றாவது மாடி மாமாவிடம் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஜோடி. நேர் கீழே, இரண்டாவது மாடி டாக்டரிடம் பிளானர் மேக்னெட்டிக் ஜோடி. எது உசத்தி என்ற வழக்கு லிஃப்டில் ஆரம்பித்து லிஃப்ட் நின்ற பிறகும் ஓடும். என்னிடம் இருப்பது செல்போனோடு வந்த இயர்போன் மட்டும். எனவே கட்சி சாராதவன் என்று என்னை நீதிபதியாக்கிவிட்டார்கள்.

இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஆளுயரச் சட்டம், அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. வித்தியாசம் சவ்வை ஆட்டும் விதத்தில். மாமாவுடையதில் சவ்வின்மேல் சில ஆயிரம் வோல்ட் ஏறி நிற்கும். இருபக்கமும் துளையிட்ட உலோகத் தகடுகள் அதை மாறி மாறி இழுக்கும். டாக்டருடையதில் சவ்வோடு கம்பி ஒட்டியிருக்கும், எதிரே வரிசையாகக் காந்தங்கள். கம்பியில் மின்சாரம் ஓடினால் சவ்வு ஆடும். முதல் வகையை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கியவர் இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர். அவருடைய க்வாட் ஸ்பீக்கர் 1957-இல் வந்தது. இரண்டாவதற்கு 3எம் கம்பெனியில் என்ஜினீயராக இருந்த ஜிம் வைனி. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் மேக்னபான் நிறுவனத்தைத் தொடங்கினார். மாமா வாக்கர் கட்சி, டாக்டர் வைனி கட்சி. இருவரும் தலைவர்களை நேரில் பார்த்ததில்லை; தொண்டர்களுக்கு அது அவசியமும் இல்லை.

விசாரணைக்கு இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்?' மாமா வீட்டில் வயலின் எழுந்தபோது, வில் நரம்பைத் தொட்ட அந்த நொடியே தனியாகக் கேட்டது. சவ்வுக்கு எடை என்று ஒன்று இல்லாததால் சத்தம் சட்டென்று பிறக்கிறது, சட்டென்று அடங்குகிறது. தம்பூராவைப் போட்டால் நாலு தந்தியும் நாலு பேராக வந்து நின்றன. எனக்கே மெய்சிலிர்த்தது. அந்த உற்சாகத்தில், "மாமா, தவில் ஏதாவது வைங்களேன்" என்றேன்.

மாமா முகம் வாடிவிட்டது. "தவிலெல்லாம் கோயில்ல போய்க் கேக்கணும்ப்பா."

காரணம் இருக்கிறது. தகடுகளுக்கு நடுவே சவ்வு ஆடக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. பெட்டியும் இல்லை, முன்னால் போகும் அடிநாதத்தைப் பின்னால் போகும் அடிநாதமே சுற்றி வந்து தின்றுவிடும்.

டாக்டர் வீட்டில் அதே வயலின் இன்னும் பெரிதாக, சதைப்பற்றோடு கேட்டது. மிருதங்கத்தின் தொப்பிக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. ஆனால் சவ்வு கம்பியையும் சுமப்பதால், மாமா வீட்டில் கேட்ட அந்த நுனி நுணுக்கம் ஒரு மாற்றுக் குறைவு. இவ்வளவும் எப்போது? இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய ஆம்ப்ளிஃபயரை வைத்தால். இந்த ஜாதி ஸ்பீக்கருக்கு வாட் போட்டுக் கட்டுப்படியாகாது.

"ஆம்ப்பை முழுங்குற பூதம்" என்றார் மாமா.

"என்னுது சுவர்ல பிளக் கேக்காது மாமா. உங்களுது கரன்ட் குடுக்கலேன்னா ஊமை" என்றார் டாக்டர்.

மழைக்காலத்தில் டாக்டர் கட்சியின் கை ஓங்கும். காற்றில் ஈரம் ஏறினால் எலக்ட்ரோஸ்டாட்டிக்கின் உயர் வோல்ட் கசிய ஆரம்பிக்கும். தூசியை வேறு வா வா என்று இழுக்கும். கொசு பேட்டை ஆளுயரத்துக்குச் செய்து அதில் கச்சேரி வைத்தால் எப்படியோ, அப்படித்தான். தோடி ஆலாபனை உருகி வரும் நேரத்தில் 'டப்' என்றொரு சத்தம். மாமா அதைத் தாளம் என்று சாதிப்பார். "1897-ல ரொனால்ட் ராஸ் இதே பேகம்பேட்லதான் கொசுவோட வயித்துல மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிச்சார். மிச்ச ஆராய்ச்சியை மாமா நடத்தறார்" என்பார் டாக்டர்.

இந்தச் சண்டையே 2008-க்குப் பிறகு கிடைத்த சொகுசு. அந்த மார்ச்சில் பேகம்பேட் விமான நிலையத்திலிருந்து பயணிகள் விமானமெல்லாம் ஷம்ஷாபாத்துக்குக் குடிபோகும்வரை, இந்தப் பேட்டையில் வில் நரம்பைத் தொட்டதா தொடவில்லையா என்று யாருக்குக் கேட்டிருக்கும்?

சரி, தீர்ப்பு. இரண்டு ஸ்பீக்கரும் முன்னால் பாடுகிற அளவு பின்னாலும் பாடும். சுவரோடு ஒட்டி வைத்தால் எதிரொலி முந்திக்கொண்டு வந்து பாட்டைக் குழப்பும். மூன்று நாலு அடியாவது தள்ளி வைக்க வேண்டும். பன்னிரண்டு அடி அகல ஹாலில் நாலு அடி விட்டால் 48 சதுர அடி. பேகம்பேட் விலைக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால் ஸ்பீக்கர் விலை இனாமாகத் தெரியும். அந்த 48 சதுர அடியில் மாமிக்கு ஒரு பீரோ தெரிகிறது. டாக்டர் மனைவிக்கு ஷூ ரேக்கும் துணி ஸ்டாண்டும். ஆக, குரலும் தந்தியும் போதுமென்பவருக்கு எலக்ட்ரோஸ்டாட்டிக். மிருதங்கமும் வேண்டுமென்பவருக்குப் பிளானர். இரண்டுக்கும் முன்னால் இஞ்ச் டேப். இரண்டிலும் சத்தம் சரியாகக் குவிவது நடுவில் போட்ட ஒரே ஒரு நாற்காலியில்தான் என்பதையும் பதிவு செய்தேன்.

கேட்டுக்கொண்டிருந்த மாமி, "அப்போ அந்த நாற்காலியில யாரு உக்காரணும்னும் தீர்ப்புச் சொல்லிடுங்கோ" என்றார்.

அது குடும்பநல கோர்ட்டுக்குப் போகவேண்டிய கேஸ் என்று சொல்லிவிட்டு லிஃப்டைப் பிடித்தேன்.