காதண்ணன்

ஸ்க்ரூடிரைவர் முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிவிட்டார் என்றால் அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது. தேவாரம் கேட்கிற முகம். வெகுநேரம் கழித்து ஒரு கண் மட்டும் திறக்கும். "மூணாவது பிஸ்டன் லேசா முனகுது. மத்தபடி தங்கம்டா தம்பி."

அண்ணன் மெக்கானிக் இல்லை. ஒரு காலத்தில் டாடா மொபைல் வைத்திருந்தார், அவ்வளவுதான். ஊரில் யாருடைய பழைய பிக்கப் புகை தள்ளினாலும், "போர் பண்ணணும், கிராங்க் கிரைண்டிங் போடணும்" என்று மெக்கானிக் கணக்குச் சொல்லி முடிப்பதற்குள் வந்து நிற்பார். "எதுக்குத் தண்டச் செலவு? புதுப்பேட்டையில பழைய சுமோ இன்ஜின் ஒண்ணு தூக்கிட்டு வந்து மாட்டு." இந்த ஒன்றில் அவரைக் குறை சொல்ல முடியாது. 1988-இல் வந்த டாடா மொபைல், 1991-இல் வந்த சியரா, 1994-இல் வந்த சுமோ, மூன்றுக்கும் அதே 1,948 சிசி டீசல்தான்.

வம்பு கடையில் ஆரம்பிக்கும். பழைய டயர் மேல் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு நேராக ஒயர், கேனில் கொஞ்சம் டீசல். ரேடியேட்டர் கிடையாது என்பதால் ரொம்ப நேரம் ஓட்டவும் முடியாது. லோடு ஏறாத அந்தச் சில நொடிகளில் எந்தக் கிழட்டு இன்ஜினும் ஒழுங்காகத்தான் ஓடும். ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா என்று தெரியும். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கம்ப்ரஷனைக் கேஜ் வைத்தும் அளக்கலாம். ஆனால் கூட வந்த பட்டறைப் பையன் கேஜை எடுத்தாலே அண்ணனுக்கு முகம் சுருங்கிவிடும். "காது இருக்கப்ப மீட்டர் எதுக்கு?" பக்கத்துக் கடையில் சம்மட்டி அடி, எதிரில் கேஸ் கட்டிங், தெரு முழுக்க ஹாரன். அத்தனைக்கும் நடுவில் அவருக்கு டேப்பெட் மட்டும் தனியாகக் கேட்குமாம். ஒருமுறை கடைக்காரர் இன்ஜினை நிறுத்தியே விட்டார். அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. "ஆங், இப்பத்தான் சுத்தமா ஓடுது."

கமிஷன் வாங்க மாட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். பட்டறையில் ராத்திரி முழுக்க நின்று செயின் பிளாக் இழுப்பார். பையன்களுக்கு டீயும் பன்னும் அவர் காசில்தான்.

ஆனால் இன்ஜின் கீழே இருக்கும்போதே கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் கிளட்ச் பிளேட்டையும் மாற்ற விட மாட்டார். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்." கொஞ்ச நாளில் அந்த சீல் ஒழுகி கிளட்ச் நனையும். மறுபடி கியர்பாக்ஸ் இறக்கணும், மறுபடி கூலி. அதுவரை ஏற்றிய லோடு வண்டியிலேயே கிடக்கும். அழுகுவது அவர் தக்காளி இல்லை, வண்டிக்காரனுடையது.

பில் வாங்கு, ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்ஜின் நம்பரை மாற்றி எழுது என்றால், "அதை எவன் குனிஞ்சு பாக்கப்போறான்?" என்பார். எஃப்.சி.க்குப் போன இடத்தில் பார்த்தார்கள். ஆர்.சி.யில் ஒரு நம்பர், இன்ஜினில் வேறு நம்பர். டார்ச் அடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து, திருட்டு இன்ஜினா என்று கேட்டார். வண்டிக்காரன் பதறிப்போய் அண்ணனுக்குப் போன் போட்டான்.

"நம்பரை விடச் சொல்லு தம்பி. ஸ்டார்ட் பண்ணிக் காட்டு, சத்தத்தைக் கேட்டுட்டு அவரே சொல்லட்டும்."