விதி எண் ஐந்தின் மேலான கவனத்துக்கு

அனுப்புநர்: இரண்டு ஸ்பீக்கர்களின் சொந்தக்காரன், மடுகரை, நெட்டப்பாக்கம் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்: ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல், கட்டுப்பாடு) விதிகள், 2000, இந்திய அரசிதழ், புது டில்லி.

பொருள்: வீட்டில் நல்லபடியாகப் பாட்டு கேட்க அனுமதி கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய விதிகளே,

அமல்படுத்துகிறவர்களை விட்டுவிட்டு நேரே உங்களுக்கே எழுதுகிறேன், மன்னிக்கவும். அதிகாரிகள் மாற்றலாகிப் போய்விடுவார்கள். நீங்கள்தான் 2000 பிப்ரவரியிலிருந்து போட்ட இடத்தில் அசையாமல் இருக்கிறீர்கள்.

நெடுநாளாக நான் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஆசாமி. மேசைக்கு அடியில் ஒரு சப்-ஊஃபர், மானிட்டருக்கு இரு பக்கமும் சோப்பு டப்பா அளவில் இரண்டு பெட்டி. அட்டையில் ஆயிரக்கணக்கில் வாட், கூடவே பி.எம்.பி.ஓ. என்று பொடி எழுத்து. அந்த நான்கு எழுத்துக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. கண் இமைக்கும் நேரத்துக்கு அந்தப் பெட்டி எவ்வளவு கத்தக்கூடும் என்று கம்பெனிக்காரர் காணும் கனவு. தொடர்ந்து தரக்கூடியது ஆர்.எம்.எஸ். வாட். அந்தக் கணக்கில் பார்த்தால் என் செட்டு ஒரு டியூப்லைட்டுக்குக்கூடத் தேறாது.

சரியென்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஆம்ப்ளிஃபயரும் மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் வாங்கி வந்தேன். இரண்டையும் சுவரைவிட்டுத் தள்ளி, ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி தூக்கி, நானும் சேர்ந்தால் சம முக்கோணம் ஆகும்படி வைத்தேன். முதலில் போட்டது 1978-இல் வந்த 'ப்ரியா'. ஸ்டீரியோவில் பதிவான பாட்டுகள். ஒரே உருண்டையாகக் கேட்டுப் பழகிய வாத்தியங்கள் ஆளுக்கொரு இடம் பிடித்து உட்கார்ந்தன. பாடகர் இரண்டு பெட்டிக்கும் நடுவில், வெறும் சுவரிலிருந்து பாடினார். அடுத்த வீட்டுப் பெரியம்மா வந்து நின்று கேட்டுவிட்டு, "இவ்ளோ காசு குடுத்திருக்க, சத்தமே வரலியே தம்பி?" என்றார்.

ஊர்க் கணக்கில் அது நியாயமான கேள்வி. எங்கள் மைக் செட் அண்ணன் மரத்தில் கட்டும் குழாய், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபலுக்கு மேல் கத்தும். என்னுடைய மரப்பெட்டி அதே ஒரு வாட்டில் 86-ஐத் தாண்டினால் பெரிது. 20 டெசிபல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு வாட். அண்ணனின் ஒரு வாட்டோடு மோத நான் நூறு வாட் கொட்ட வேண்டும். அவருக்கு பேஸ் வராது, உச்சமும் வராது. ஆனால் அடுத்த ஊர் வரைக்கும் போகும்.

நல்ல ஸ்பீக்கரில் உள்ள தொல்லை இதுதான். மெல்லிய சத்தமெல்லாம் கேட்க ஆரம்பிக்கிறது. அந்த மெல்லிய இடத்தில்தான் தெருவும் நுழைகிறது. பழைய டப்பாவில் எனக்கு ஆடி மாதமும் ஒன்றுதான், ஐப்பசியும் ஒன்றுதான். இப்போது கூழ் வார்த்தல், காதணி விழா, புதுமனை புகுவிழா, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றையும் நாள்காட்டி பார்க்காமலே சொல்லிவிடுகிறேன்.

அதனால்தான் உங்களைத் தேடிப் படித்தேன். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். என்ன ரசனை! ரெக்கார்டிங் என்ஜினியர் எழுதியதோ என்று சந்தேகப்பட்டேன். விதி ஐந்துக்கு வந்ததும்தான் தெளிந்தேன். என் வீட்டு எல்லையில் என் செட்டு அந்த அளவைத் தாண்டி 5 டெசிபல்தான் போகலாம். பொது இடத்து ஒலிபெருக்கிக்கு 10, அல்லது மொத்தம் 75, எது குறைவோ அது. ஆக, சத்தமே வராத செட்டுக்காரன் ஐந்தில் நிற்க வேண்டும். குழாய்க்குப் பத்து. ஊர் பெரிசு, ஒப்புக்கொள்கிறேன். புகார் கொடுப்பதற்கும் பகலில் 10 டெசிபல் மீறியிருக்க வேண்டும். காதுக்கு அது இரண்டு மடங்கு சத்தம். ஒன்றரை மடங்கு கத்தினால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் போலும்.

உங்களுக்கு இரவு என்பது பத்திலிருந்து காலை ஆறு வரை. மார்கழியில் எங்களுக்கு விடிவது நாலரைக்கு. இதை நீங்களும் அம்மனும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரவில்லை.

எல்லைத் தகராறு ஒன்றும் உண்டு. புதுச்சேரி துண்டு துண்டாகக் கிடக்கிற பிரதேசம்; பக்கத்துச் சிறுவந்தாடு தமிழ்நாடு. சத்தம் விழுப்புரம் மாவட்டத்தில் புறப்பட்டு யூனியன் பிரதேசத்தில் வந்து இறங்கினால் எந்த ஸ்டேஷனில் மனு கொடுப்பது? நீங்கள் மத்திய அரசின் விதி, இரு பக்கமும் செல்லுபடி. மனு வாங்குகிறவர் அப்படி இல்லையே.

கேட்பது பெரிதல்ல. ஆண்டுக்கு 15 நாள் வரை திருவிழாக்களுக்காக இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒலிபெருக்கி வைக்க மாநில அரசு சலுகை தரலாம் என்று உங்களிலேயே இருக்கிறது. அதே பக்கத்தில் தலைகீழாக ஒரு வரி சேருங்கள்: ஆண்டுக்கு 15 நாள், அதே இரண்டு மணி நேரம், நீங்கள் எழுதியபடியே நடந்துகொள்ள வேண்டும். மற்ற 350 நாளும் வழக்கம்போல்.

இப்படிக்கு,
சம முக்கோணத்தின் மூன்றாம் முனை.

நகல்: மைக் செட் அண்ணனுக்குத் தவிர எல்லோருக்கும். அவர் கையில் கிடைத்தால் மைக்கில் வாசித்துவிடுவார்.